சம்பளம் வேண்டாம் என்ற உபதேசியார்



இந்தச் சுவர் இதழில் யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று தமிழய்யா சொன்னதும் எனக்கு முதலில் வந்த பெயர் காமராசர்தான். விருதுநகர் பக்கத்தில் பிறந்துவிட்டு வேறு யார் பெயர் வரும்? ஆனால் எனக்குத் தெரிந்து இந்தப் பலகையில் காமராசர் நாலு தடவை வந்துவிட்டார். அதனால் நம்ம மாவட்டத்திலேயே வாழ்ந்த இன்னொருவரைப் பற்றி எழுதுகிறேன். கிறிஸ்தவ சபைகளின் வரலாறு படிக்கிறவர்களுக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக்கூட, இவர் பெயர் தெரியும். மல்லாங்கிணற்றில் நான் கேட்ட பத்துப் பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர் பெயர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் எல்லாரும் வத்திராயிருப்பு வழியாகப் போயிருப்பீர்கள். அந்த வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரை உண்டாக்கியவர் இவர்தான். அப்போது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது (அது 1985-ல் வந்தது). அந்தப் பக்கமெல்லாம் திருநெல்வேலிச் சீமை.

அருளப்பன் 1810-ல் திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டையில் பிறந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் நடத்திய பள்ளியில் படித்தார். ஐயர் என்றதும் குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார்களையும் நம்ம ஜனங்கள் ஐயர் என்றுதான் கூப்பிட்டார்கள். ரேனியஸ் ஜெர்மனிக்காரர். 1814-ல் சென்னைக்கு வந்து, 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். தமிழுக்கு இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டைத் திருத்தி மொழிபெயர்த்தார்.

அவர் காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் கிராமம் கிராமமாக ஜனங்கள் கிறிஸ்தவர்களானார்கள். ஊருக்கு ஊர் ஒரு உபதேசியாரை மிஷன் நியமித்தது. அவருக்கு மிஷனிலிருந்து மாதச் சம்பளம். அவர் மணி அடிப்பார், ஜனங்கள் கூடுவார்கள், காலையிலும் சாயங்காலமும் ஜெபம் நடக்கும். ஞானோபதேசக் கேள்வி பதில்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் வாசிப்பதும் உண்டு. நம்ம பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரிதான்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. குடும்பம் குடும்பமாக, தெரு தெருவாகச் சேரும்போது, ஒரு ஆள் உண்மையிலேயே மனம் மாறி வந்தாரா, அண்ணன் தம்பி சேர்ந்ததால் கூடவே வந்தாரா, மிராசுதார் தொல்லை கொடுத்தால் வெள்ளைக்கார ஐயர் கேட்பார் என்று வந்தாரா, யாருக்கும் தெரியாது. பேர் வாசிக்கும்போது எல்லாரும் ‘உள்ளேன்’தான்.

ரேனியஸ் ஐயருக்கே ஒரு சோதனை வந்தது. அவரை அனுப்பிய சங்கம் சி.எம்.எஸ்., இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. உபதேசியார்களில் நல்லவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்றால் பிஷப்தான் கொடுக்க வேண்டும், அதற்கென்று உள்ள முறைப்படிதான் கொடுக்க வேண்டும் என்று சங்கம் சொன்னது. ரேனியஸ் லுத்தரன் முறையில் வந்தவர், ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளைக் குறை சொல்லி எழுதவும் செய்தார். 1835-ல் சங்கம் அவரை விலக்கிவிட்டது. ஊர் ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1838-ல் ரேனியஸ் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். தன்னைப் படிக்க வைத்தவருக்கு இப்படி நடந்தபோது அருளப்பனுக்கு இருபத்தைந்து வயது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருக்கு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் பழக்கம் கிடைத்தது. குரோவ்ஸ் சாமியார் இல்லை, பல் டாக்டர். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் என்ற ஊரில் நல்ல வருமானத்தோடு இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1829-ல் குடும்பத்தோடு பாக்தாத் போனார். 1831-ல் அங்கே கொள்ளைநோய் வந்து அவர் மனைவி இறந்துபோனார். 1833-ல் இந்தியா வந்தார். இவரும் இவர் நண்பர்களும் ஒரு புது எண்ணம் கொண்டவர்கள். இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பம் பிட்டுச் சாப்பிட, பட்டம் பெற்ற குருவானவர் ஒருத்தர் வந்துதான் ஆகணும் என்பதில்லை, மனதார நம்புகிறவர்கள் நாலு பேர் கூடினாலே போதும் என்றார்கள். இப்போது கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு இது பெரிய சண்டைக்குரிய விஷயம். ரேனியஸ் ஐயருக்காக இங்கிலாந்தில் வாதாடியவரும் இந்தக் குரோவ்ஸ்தான்.

அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்து பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை பார்த்தார். 1840-ல், பழனி மலைப் பக்கமாகப் போய்த் தனியாக ஊழியம் செய்கிறேன் என்று கிளம்பினார். அப்போது குரோவ்ஸ் மாதா மாதம் ஒரு தொகை தருகிறேன் என்றார். அதுவும் பிச்சையாக இல்லை, மொழிபெயர்ப்பு வேலைக்குக் கூலியாக. அருளப்பன் வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்ன காரணம், கூலி வாங்கிக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிறான் என்று ஜனங்கள் தன்னைச் சொல்லாமல் விடமாட்டார்கள் என்பது. இப்படி நிலையான தொகையை அவர் மறுத்ததைக் குரோவ்ஸ் ஆச்சரியப்பட்டு எழுதி வைத்திருக்கிறார்.

நான் இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான். அவருக்குப் பிள்ளைகுட்டி இருந்துச்சா, சோத்துக்கு என்ன பண்ணினாரு? நியாயமான கேள்வி. பிள்ளைகள் இருந்தார்கள். யாராவது மனசாரக் கொடுத்தால் வாங்கிக்கொள்வது, இத்தனை ரூபாய் என்று யாரிடமும் மாதக்கணக்கு பேசுவதில்லை, இதுதான் குரோவ்ஸ் வழியில் வந்தவர்களின் பழக்கம். அம்மா அதற்கும், அந்த வீட்டுக்காரம்மாவைச் சொல்லணும் என்றார்கள். அந்த அம்மாவைப் பற்றி யாரும் பெரிதாக எழுதக் காணோம்.

இந்த ஒரு முடிவுதான் அருளப்பன் வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பளம் வாங்கும் உபதேசியாரிடம் போய் நிற்கிறவனுக்கு, மிஷன் நமக்கு ஏதாவது செய்யும் என்ற நினைப்பு ஓரமாக இருக்கும். கையில் ஒன்றும் இல்லாத உபதேசியாரிடம் எதற்குப் போய் நிற்பான்? அவர் சொல்வது உண்மை என்று பட்டால்தான் நிற்பான். அதே மாதிரி அவருக்கும், இத்தனை தலை சேர்த்தேன் என்று கணக்கு ஒப்பிக்க மேலே ஆள் இல்லை.

1842-ல் அவர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்தார். சில குடும்பங்கள் கூட வந்தன. அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடந்து போவார், வருவார். ஞாயிற்றுக்கிழமை பட்டம் இல்லாதவர்களே கூடி அப்பம் பிட்டார்கள். வெள்ளைக்காரர் யாரும் அங்கே தலைமையில் இல்லை. இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இப்படியே போனது.

இதற்கு நடுவில் பக்கத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சிவகாசி என்றால் நமக்குப் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். அந்தத் தொழிலெல்லாம் 1923-க்குப் பிறகு வந்தது. அதற்கு எழுபது வருஷம் முன்னால், 1854-ல், ராக்லாந்து ஐயர் என்பவர் நம்ம சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1841-ல் கணிதத்தில் நான்காவது இடம் பிடித்தவர். (கணக்கு வாத்தியார் கவனிக்க.) சென்னையில் சி.எம்.எஸ். செயலாளராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அதை விட்டுவிட்டு நம்ம கரிசல் வெயிலில் கூடாரத்துக்கு வந்தார். 1858 அக்டோபரில் நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்துச் சிவகாசியிலேயே இறந்துபோனார். வயது 43. அவர் போய் இரண்டே வருஷத்தில் இந்தப் பக்கம் முழுக்க ஒரு அதிர்ச்சி பரவியது. அது தொடங்கிய இடம் கிறிஸ்தியான்பேட்டை.

அந்த அதிர்ச்சிக்குக் கொஞ்சம் தூரத்திலிருந்து வர வேண்டும். 1857 செப்டம்பரில் நியூயார்க்கில் லான்ஃபியர் என்ற ஒரு முன்னாள் வியாபாரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபம் பண்ண வாருங்கள் என்று அறிவிப்பு ஒட்டினார். முதல் அரைமணி நேரம் ஒருத்தரும் வரவில்லை. பிறகு ஆறு பேர் வந்தார்கள். சில மாதங்களில் அது ஆயிரக்கணக்கானவர்களாகி அமெரிக்கா முழுக்கப் போனது. 1859-ல் வட அயர்லாந்தில் அதே மாதிரி நடந்தது. அங்கே முதலில் கூடியவர்கள் நாலு வாலிபர்கள். அவர்களில் ஒருவருக்குத் தூண்டுதலாக இருந்தது ஜார்ஜ் முல்லர் எழுதிய புத்தகம். முல்லர் யாரிடமும் நன்கொடை கேட்காமல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். அவர் நம்ம குரோவ்ஸின் தங்கை கணவர்! உலகம் எவ்வளவு சின்னது பாருங்கள்.

இந்தச் செய்திகள் அச்சில் வந்து, கப்பலேறி, மாட்டுவண்டியில் கிறிஸ்தியான்பேட்டை வரைக்கும் சேர்ந்தன. அருளப்பன் படித்தார். நம்ம ஊரிலும் இப்படி நடக்க வேண்டும் என்று ஜெபம் பண்ண ஆரம்பித்தார். 1860 மே மாதம் 4-ஆம் தேதியிலிருந்து 7-ஆம் தேதி வரை நடந்ததை அவரே குறித்து வைத்திருக்கிறார். சிலர் எழுந்து மற்றவர்களைக் கண்டித்துப் பேசினார்கள். சிலர் மார்பில் அடித்துக்கொண்டார்கள். சிலர் உடம்பு நடுங்கிக் கீழே விழுந்தார்கள். தேம்பித் தேம்பி அழுதார்கள். செய்த பாவங்களை வாய்விட்டுச் சொன்னார்கள். அழுது முடித்த பிறகு ஒரு பெரிய சந்தோஷம் வந்து பாடினார்கள். படிப்பறிவில்லாதவர்கள், அதுவரை யாரும் கேட்டிராத பாட்டுகளைப் பாடினார்களாம்.

கத்திரி வெயில் நேரத்தில், மலையடிவாரத்துச் சின்ன ஊரில், நாலு நாள் இப்படி. எனக்கு இதில் அழுகையைவிட, பாவத்தை வாய்விட்டுச் சொன்னதுதான் பெரிசாகப் படுகிறது. ஊர்ப்பக்கம் இருக்கிற நமக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நகரத்தில் ஒருத்தன் தன் தப்பைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடலாம். கிராமத்தில் அப்படி முடியுமா? சொன்னதைக் கேட்டவர்கள் மாமன், சித்தப்பா, எதிர்வீட்டு அக்கா. நாளைக்குக் காலையில் கிணற்றடியில் அதே முகங்களைப் பார்க்கணும். சொன்னவன் வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சோடு அந்த ஊரில்தான் இருக்கணும். ஜெபத்துக்குத் தவறாமல் வருவதும், கேள்வி பதில் ஒப்பிப்பதும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

பைபிளில் சகேயு என்று ஒரு வரி வசூல்காரர் கதை வரும். குள்ளமான ஆள், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறினவர். அவர் மனம் மாறினதும் செய்த காரியம், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னது. நீளமாக ஜெபம் பண்ணினார் என்று கதையில் இல்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. காலையில் கடை திறந்ததும் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அப்புறம் தராசில் ஐம்பது கிராம் குறைக்கிற கடையை நாம எல்லாரும் பார்த்திருக்கிறோம். சிவவாக்கியர் பாட்டை நடத்தும்போது தமிழய்யா சிரிக்காமல் நடத்த முடிவதில்லை. போன வருஷம் எங்க வகுப்பில் ஒருத்தனுடைய காம்பஸ் பாக்ஸ் காணாமல் போனது. ஒரு நாளைக்கு நூறு தடவை ‘சாரி’ சொல்கிற வகுப்பு அது. எடுத்த பையன் மூன்று நாள் கழித்து, எல்லாரும் இருக்கும்போது கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவன் சாரி சொல்லவே இல்லை. அப்போது வகுப்பில் இருந்த அமைதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கிறிஸ்தியான்பேட்டையில் ஆரம்பித்தது அங்கேயே நிற்கவில்லை. ஜூன் மாதம் சிலர் யாருக்கும் தெரியாத பாஷையில் பேசினார்கள் என்று அருளப்பன் எழுதியிருக்கிறார். ஜூலையில் பக்கத்துச் சபை ஒன்றில் 25 பேருக்கு மேல் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அருளப்பனின் மகனும் ஒரு மகளும் இன்னும் மூன்று பேரும், சி.எம்.எஸ். கிராமங்கள் மூன்றில் இருந்த தங்கள் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனார்கள். அங்கேயும் அதே அழுகை, அதே அறிக்கை. 1860-ல் ஒரு பெண்பிள்ளை ஊர்விட்டு ஊர் போய்ச் செய்தி சொன்னதை யோசித்துப் பாருங்கள். சி.எம்.எஸ். மிஷனெரி ஆஷ்டன் டிப் அந்த வருஷமே இதைப் பற்றி எழுதினார். வெள்ளைக்காரர்கள் தூண்டிவிடாமல் நம்ம ஜனங்களே நடத்தியது என்பதால் இது பலருக்குப் புதுமையாக இருந்தது.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மிஷனெரிகளில் சிலர் உண்மை என்றார்கள், சிலர் அணைக்கப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விழுவது, நடுங்குவது, புரியாத பாஷை இதெல்லாம் எனக்கும் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கு. புஸ்வாணம் எவ்வளவு உயரம் போனாலும் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும், நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுமட்டுமில்லை, போன வாரம் அழுதோமே, இந்த வாரமும் அழணுமே என்று ஒருத்தன் நினைத்துவிட்டால் அழுகையும் ஒரு சடங்காகிவிடும். மணி அடித்துக் கூடுவதற்கும் அதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

அப்படி வழி தவறியதும் உண்டு. இந்த எழுப்புதல் 1870-களில் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கேயும் ஜனங்கள் அழுது மனம் திரும்பினார்கள். அங்கே யூஸ்துஸ் யோசேப்பு என்பவர் தலைமையில் ஒரு கூட்டம், 1881-ல் இயேசு திரும்பி வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்தது. அந்த வருஷம் வந்தது, போனது. நம்பிக் காத்திருந்தவர்கள் கேலிக்கு ஆளானார்கள். அந்த நாள் குறிப்புக்கும் அருளப்பனுக்கும் சம்பந்தம் இல்லை. அவர் 1867-லேயே, 57 வயதில், இறந்துவிட்டார்.

அவர் வைத்திருந்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் எப்படியோ தப்பிப் பிழைத்தன. லாங் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் தொகுத்து 1939-ல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டார். அதாவது அவர் இறந்து 72 வருஷம் கழித்து. அந்த மே மாத நாலு நாள் குறிப்பில், ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா? சுற்றிலும் எல்லாரும் அழுது நடுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அதில் ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆறுதல் கிடைக்கும்படி விடாமல் ஜெபித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டதாம் அவருக்கு.